முள்ளெலிக்கு நான் எழுதிய குற்றப்பத்திரிகை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு தை மாதம். மொன்றியலின் மேற்குப் புறத்தில், பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் மகளின் வீட்டில் நடந்தது இது. கனடாவுக்கு வந்து நான் அப்போது இரண்டு பனிக்காலங்களைப் பார்த்திருந்தேன். இரண்டையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனத்தின் முழு அளவு உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். யாழ்ப்பாணத்தில் முப்பத்திநான்கு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சந்தை, சாப்பாட்டுக்கடை, கிணறு, மலசலகூடம் எல்லாவற்றையும் சட்டப்படி எட்டிப் பார்த்தவன். எந்தக் காரியத்துக்கு எந்தப் படிவம், எத்தனை பிரதி, எந்த மையில் கையெழுத்து என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை என்பதுதான் கவலை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி எலி ஒழிப்பிலும் விசர்நாய் ஒழிப்பிலும் போயிற்று.

அப்படிப்பட்டவனிடம்தான் என் மருமகன் ஒரு முள்ளெலியைக் கொண்டுவந்தார்.

மருமகன் லொறி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இருக்கும் நாட்களில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் காலநிலை பற்றித்தான். இந்த நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. அவரோடு வேலை செய்யும் ஒருவர் ரொக்ஸ்பரோவில் புது வாடகை வீட்டுக்குப் போனாராம். அங்கே பிராணிகள் வளர்க்கக் கூடாதாம். அவர் வளர்த்த முள்ளெலி கூண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆபிரிக்க இனமான இந்தச் சின்ன முள்ளெலிகளை வளர்ப்பது அந்த வருடங்களில் இங்கே ஒரு பித்தாக இருந்தது.

"மாமா, இது உங்களுக்குத்தான்," என்று கூண்டை என் அறையில் வைத்தார். "பகலிலை தனிய இருக்கிறியள். இதோடை கொஞ்சம் கதைச்சுக்கொண்டு இருங்கோ."

"தம்பி, நான் எலி பிடிச்சுச் சம்பளம் எடுத்தவன்."

"அது ஊரிலை, மாமா. இஞ்சை நீங்கள் பென்சன்காரர். எலிக்கும் அது தெரியும்."

மகள் குசினிக்குள் நின்று சிரித்தாள். மறுநாள் காலை மருமகன் மேற்கு மாகாணங்களுக்கு லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வர இரண்டு கிழமை ஆகும். மகளுக்கு ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை. காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். ஆக, வீட்டில் நானும் அதுவும்.

அது பாதித் தேங்காய் அளவு இருந்தது. கூரான மூக்கு, மிளகு போல இரண்டு கண்கள், முதுகு முழுவதும் முள். கையை நீட்டினால் பந்தாகச் சுருண்டு பிரஷர் குக்கர் போலச் சீறும். தொட்டால் சுருண்டபடியே துள்ளிக் குத்தும்.

நான் முறைப்படி வேலையைத் தொடங்கினேன். ஒரு கொப்பி எடுத்து, திகதி, நேரம், தின்றது, கழித்தது, குறிப்பு என்று ஐந்து நிரல் கீறினேன். முதல் பக்கத்தில் "வகை: காட்டு விலங்கு" என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். பிராணியைத் தொடும் முன் கிருமிநாசினியால் கை கழுவுதல், மருமகனின் தடித்த தோல் கையுறையை மாட்டுதல், மேலிருந்து உறுதியாகப் பிடித்துத் தூக்குதல், திரும்பவும் கை கழுவுதல். நாளுக்கு மூன்று முறை. ஒரே கிழமையில் அதை மடியில் படுக்க வைக்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். ஒரு கிழமை முடிவில் அது என் காலடிச் சத்தத்துக்கே சுருண்டது.

இதற்கிடையில் குளிருக்கு என் விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. ஊரிலிருந்து வந்த மூலிகைத் தைலத்தைத் தாராளமாகப் பூசினேன். கற்பூரமும் யூக்கலிப்டசும் சேர்ந்த காட்டமான மணம். "அப்பா, வீடு முழுக்க ஆஸ்பத்திரி மணக்குது," என்று மகள் முறையிட்டாள். வலி அவளுக்கு இல்லையே.

எட்டாம் நாள் காலை வீங்கிய விரல்கள் கையுறைக்குள் நுழையவில்லை. வேறு வழியில்லாமல் வெறுங்கையைக் கூண்டுக்குள் விட்டேன். அதிசயம், அது சுருளவில்லை! மூக்கை நீட்டி முகர்ந்தது. பெருவிரலை நக்கியது. என் முறை வென்றுவிட்டது என்று நான் பூரித்த அந்தக் கணத்தில் நறுக்கென்று கடித்தது. கையை இழுத்துக்கொண்டேன். அது வாயை மென்று மென்று நுரை கக்கியது. பிறகு கழுத்தை முதுகுப் பக்கமாக முறுக்கி, அந்த நுரையைத் தன் முள்ளின் மேலேயே அப்பத் தொடங்கியது. நிலை தடுமாறி விழுந்தது. எழுந்தது. மறுபடி நுரை.

நுரை தள்ளிய நாய்களை என் பணிக்காலத்தில் எத்தனை பார்த்திருப்பேன்! காரணமில்லாத கடி, நுரை, தள்ளாட்டம். மூன்றும் சேர்ந்தால் அது விசர்நாய்க்கடி நோய்தான் என்று எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருப்பேன்! பெருவிரலைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் கழுவினேன். மத்தியானம் அதன் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றி வைத்தேன். கிண்ணத்தின் விளிம்பை நக்கிவிட்டு மறுபடி நுரை. மறுநாள் காலையும் அதே கதை.

நடைமுறை எனக்கு மனப்பாடம். கடித்தது வீட்டு நாயென்றால் பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்கலாம். காட்டு விலங்கென்றால் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கொன்று, தலையை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படிப்பட்ட பெட்டிகளை நானே கட்டி முத்திரை வைத்து அனுப்பியிருக்கிறேன். மேசையில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்தில், அழகான ஆங்கிலத்தில், அந்தப் பாதித் தேங்காய்க்கு மரண தண்டனை கோரி ஓர் அறிக்கை எழுதினேன். மகளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பயந்துபோவாள். முதலில் விலங்கு, பிறகு எனக்கு ஊசி என்று வரிசை வைத்துக்கொண்டேன்.

தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, இந்தமாதிரிச் சின்னப் பிராணிகளையும் பார்க்கும் ஒரு மிருக வைத்தியசாலையைக் கர்க்லாண்ட் பக்கத்தில் கண்டுபிடித்தேன். இரண்டு பஸ் எடுக்க வேண்டும். சப்பாத்துப் பெட்டிக்குள் துவாயைச் சுற்றி அதை வைத்து, மூடியில் துளை போட்டு, அறிக்கையையும் கொப்பியையும் பையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். போகும் முன் மறக்காமல் விரலுக்குத் தைலம்.

முதல் பஸ் வந்தது. இரண்டாவது வரவில்லை. பனிக்காற்று கன்னத்தைக் கிழித்தது. அரை மணி நேரம் நின்ற பிறகு பெட்டியை மெல்லத் திறந்து பார்த்தேன். அது சீறவில்லை. பந்து பாதி தளர்ந்து, அசையாமல் கிடந்தது. துவாயோடு தொட்டால் கல் போலக் குளிர்ந்திருந்தது.

பரிசோதனை மாதிரி உயிரோடு போய்ச் சேர வேண்டும், அதுதான் விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. மேலங்கியின் பொத்தானைக் கழற்றி, துவாயோடு அதை எடுத்து, கம்பளிச் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் வைத்து மூடினேன். சற்று நேரத்தில் பஸ் வந்தது. உட்கார்ந்து கொஞ்சத் தூரம் போனதும் நெஞ்சுக்கருகில் ஏதோ விரிவது தெரிந்தது. துவாயை விலக்கிக்கொண்டு ஈரமான ஒரு சின்ன மூக்கு என் விலா எலும்பைத் தொட்டது. பிறகு பஞ்சு போன்ற ஒரு வயிறு. அது நித்திரையாகிவிட்டது. அதன் தலையை வெட்டக் கொடுக்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். கர்க்லாண்ட் வரும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தேன்.

வைத்தியர் ஐம்பது வயதுப் பெண்மணி. பிரெஞ்சுக்காரி. அவருடைய ஆங்கிலம் தட்டித் தடுமாறி வந்தது. விலங்கை மேசையில் வைத்து, அறிக்கையை இரு கைகளாலும் நீட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் கையிலிருந்த கொப்பியைக் காட்டி அது என்ன என்று கேட்டார். தினசரிக் குறிப்பு, ஆனால் தமிழில் இருக்கிறது என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வாசியுங்கள்," என்றார். "மெதுவாக. எனக்கு அவசரமில்லை."

வரி வரியாக மொழிபெயர்த்து வாசித்தேன். எட்டாம் நாள். காலை எட்டு மணி, விரல்களுக்குத் தைலம். எட்டேகால், கடி, நுரை. மத்தியானம், மீண்டும் தைலம். ஒரு மணி, தண்ணீர் மாற்றம், நுரை. ஒன்பதாம் நாள். காலை ஏழரை, தைலம்...

அந்த இடத்தில் என் குரல் தானாகத் தணிந்தது. பரிசோதகனின் உடல்நிலையையும் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. அதனால்தான் தைலத்தை எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு நுரைக்கும் முன்னால் தைலம் நின்றது. என் கையெழுத்து, என் நிரல், என் கொப்பி. என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

வைத்தியர் எழுந்து வந்தார். என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய், ஆழமாக முகர்ந்தார். முள்ளெலி முகர்ந்தது போலவே. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஏளனம் இல்லாத சிரிப்பு. கையை விலங்கின் அருகே கொண்டுபோகச் சொன்னார். அது முகர்ந்தது, நக்கியது, நுரைத்தது, கழுத்தை முறுக்கித் தன் முதுகில் அப்பியது. சட்டென்று என் கையை விலக்கிவிட்டார். இவ்வளவு காட்டமான தைலம் இந்தச் சின்ன உடம்புக்கு நல்லதல்ல, அருகில் கொண்டுபோகவே கூடாது என்றார்.

பிறகு சொன்னார். இது நோயல்ல. புதிதாக ஒரு மணத்தைச் சந்தித்தால் முள்ளெலிகள் அதை மென்று, நுரையாக்கித் தம்மேல் பூசிக்கொள்ளுமாம். வீட்டுக் கூண்டில் பிறந்து, வேறு ஒரு விலங்கையும் கண்டிராத இதற்கு விசர்நாய்க்கடி எங்கிருந்து வரும்? என் பெருவிரலின் கடியைப் பார்த்துவிட்டு, டெட்டனஸ் வராமல் ஏற்பூசி போட்டுக்கொள்ள உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்றார். முள்ளெலிக்குக் கண் மங்கல், ஆளை மணத்தால்தான் அறியும். ஒரு வேளை கிருமிநாசினி, ஒரு வேளை டீசல் மணக்கும் கையுறை, ஒரு வேளை தைலம் என்று நான் போனால், அதற்கு ஒவ்வொரு வேளையும் ஒரு புது அந்நியன். அதுவும் பருந்து மாதிரி மேலிருந்து இறங்கும் அந்நியன்.

"பஸ்ஸில் எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

நெஞ்சைக் காட்டினேன்.

"அங்கே சீறியதா?"

"இல்லை. நித்திரை கொண்டது."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை."

"அப்படியென்றால் அதையே செய்யுங்கள்," என்றார்.

என் அறிக்கையை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். வாசிக்கவேயில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியுடையவன்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடி செய்தேன். இரண்டு நாள் போட்ட பனியனைத் துவைக்காமல் கூண்டுக்குள் வைத்தேன். அழுக்குத் துணிக்காகச் சாப்பாட்டுக்கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டவன் நான், மறக்க வேண்டாம். தைலத்தை நிறுத்தி, மூட்டுகளுக்கு வெந்நீர் ஒத்தடம். மணமில்லாத சவர்க்காரம். மாலையில் இரண்டு கைகளையும் கீழிருந்து கொடுத்து அள்ளி எடுத்து, பழைய துவாயோடு மடியில் வைத்து, இருபது நிமிடம் சும்மா இருப்பது. முப்பத்திநான்கு வருடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு கஷ்டமான வேலை தந்ததில்லை. கொப்பியில் குறிப்பு நிரலில் "ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். நாலாம் நாள் அது சீறாமல் மடிக்கு வந்தது. ஐந்தாம் நாள் விரிந்து, என் முழங்கையின் மடிப்புக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு படுத்தது. அன்று எழுத மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் மாலை மருமகன் வந்தார். வழக்கமாக அவர் கதவைத் திறந்ததும் என் குரல்தான் முதலில் போகும். சப்பாத்தை வெளியே தட்டு, கையைக் கழுவு, உடுப்பை மாற்று. அன்று என்னால் எழும்ப முடியவில்லை. மடியில் ஆள் நித்திரை.

"மெல்ல வாரும் தம்பி," என்றேன். "படுத்திருக்கு."

பனியும் டீசலும் மணக்க மணக்க அவர் வந்து என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் போக அவராகவே கதைக்கத் தொடங்கினார். நாள் கணக்காக ஒரு மனித முகம் இல்லாத வெள்ளைச் சமவெளி, சில நேரம் தன் குரலைத் தானே கேட்பதற்காக லொறிக்குள் சத்தமாகத் தமிழ் கதைப்பது, எல்லாம். "தனிய இருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும் மாமா. அதாலைதான் இதைக் கொண்டு வந்தனான்," என்றார். அவர் என் மருமகனாகி ஆறு வருடம். அவருடைய குரல் இவ்வளவு மென்மையானது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

இரவுச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"நல்ல காலம் மாமா," என்றார் மருமகன். "எனக்கு ஓர் அறிக்கை எழுதேல்லை நீங்கள்."

எழுதியிருந்தேன். தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

முள்ளெலி எங்களோடு நாலு வருடம் இருந்து, ஒரு வசந்த காலத்தில், என் பழைய பனியனுக்குள் சுருண்டபடி போய்ச் சேர்ந்தது. அந்த வைத்தியருக்கு நன்றிக் கடிதம் ஒன்று அனுப்பினேன், பழக்க தோஷத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு. இப்போதும் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து தள்ளி உட்கார்ந்தால், கேள்வி கேட்க எழும் நாக்கை அடக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் இருபது நிமிடம் சும்மா இருக்கிறேன், முன்பின் தெரியாத ஒரு கிழவனின் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்த அந்தப் பெண்மணியை நன்றியோடு நினைத்துக்கொண்டு.