பாவுக்கு அடியில் வேட்பாளர்

கோயிலுக்கென்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த நான் பிள்ளையார்பாளையத்து டீக்கடையில் நிற்கிறேன். தெரு நெடுக இடுப்பு உயரத்தில், தறியில் ஏற்றவிருக்கும் பட்டு நூல் பாவு ஒன்றை நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் ஒரு தேர்தல் ஜீப் வந்து நிற்கிறது.

"ரெண்டு தடவ ஜெயிச்சவரு. போன தடவ ஜீப்ப உட்டு பாவ அறுத்தாரு. தெருவே சேர்ந்து தோக்கடிச்சோம்பா" என்கிறார் பக்கத்தில் டீ குடிக்கும் நெசவாளர்.

வேட்பாளர் இம்முறை இறங்கி, குனிந்து, பாவுக்கு அடியில் நுழைகிறார். கழுத்து மாலையின் ஜரிகை பட்டிழைகளில் மாட்டிக்கொள்கிறது. நிமிர்ந்தால் இழை அறும். இந்தத் தேர்தலும் போகும். குனிந்தபடியே எதிர்வீடுகளைப் பார்த்துக் கும்பிடுகிறார். மேலதிகாரி முன் தினமும் இதே வளைவில் நிற்கும் எனக்கு முதுகு வலிக்கிறது.

நெசவாளர் போய் நிதானமாகச் சிக்கெடுக்கிறார்.

"சீக்கிரம்பா!"

"அப்படியே இருங்க தலைவரே. ஜெயிச்சுட்டா அப்பறம் உங்கள இந்த மாதிரி எங்க பாக்கிறது?"