சவுக்காரம் தேய்த்த காலுறை

தேயிலை மலை ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு கடை வரிசையின் மேல்மாடியில் பிள்ளைகள் விளையாட ஒரு கூடம் இருக்கிறது. வெளியே பனி எவ்வளவு இறங்கினாலும் உள்ளே வெயில் காலம்தான். அத்தனை பிள்ளைகளின் மூச்சும் வேர்வையும் சேர்ந்து ஜன்னல் கண்ணாடியில் நீராய் வழியும். பந்துக் குளம், வலை ஏணி, ஸ்ட்ராபெர்ரி வடிவத்தில் மெத்தைகள், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சிவப்புச் சரிவு. அந்தச் சரிவில் ஓடி ஏறி உச்சியில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. என் அக்காள் மகளுக்கு மட்டும் அது விளையாட்டாக இல்லை.

அவளுக்கு ஆறு வயது. போன பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து வந்த அத்தை மகன் ஒரே ஓட்டத்தில் ஏறி மணியை அடித்துவிட்டான். இவள் பாதியில் சறுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு ஒரே பாட்டு: "மலையில இருக்கா, மலை ஏறத் தெரியல!"

"இன்னிக்கு அவன் கூப்பிடுறதுக்குள்ள அடிச்சிடணும் சித்தி," என்றாள், தேவாலயத்தில் ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்த நேரத்தில். கண்ணை மூடிக்கொண்டேதான் சொன்னாள். ஆகவே ஆண்டவருக்கும் கேட்டிருக்கும்.

செமஸ்டர் விடுமுறைக்கு அக்காள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்த எனக்கும் வீட்டில் கால் தரிக்கவில்லை. சனிக்கிழமையே அத்தானிடம் சொல்லி வைத்திருந்தேன். அத்தான், அதாவது அக்காள் கணவர், தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவர். "அத்தான், ஸ்டோக்கிங் இல்லாம அங்க உள்ள விடமாட்டாங்க. மறக்காம எடுத்து வைங்க."

"அதெல்லாம் நான் ரெடி பண்ணிடுறேன் லா. நீ பேசாம இரு."

அவர் எங்களைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, கீழே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்துவிட்டார். மேலே போய்ப் பையைத் திறந்தேன். முட்டி வரைக்கும் வரும் கனத்த காலுறைகள், எனக்கும் சேர்த்து. விறைப்பாக, மொடமொடவென்று இருந்தன. எனக்கு இருந்த அவசரத்தில் பிள்ளைகளின் கால்களைப் பிடித்து நுழைத்து, நானும் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

முதலில் போனது அவளுடைய நாலு வயதுத் தம்பி. நின்று பார்ப்போம் என்று நினைத்திருப்பான் பாவம், அவனால் நிற்க முடியவில்லை. சமதரையிலேயே வழுக்கிக்கொண்டு போய்ப் பந்துக் குளத்தில் 'தொபுக்'கென்று விழுந்தான். எழுந்து, "மறுபடியும்!" என்றான். அவனைப் பிடிக்கப் போன நான் அதே வழியில், அதே வேகத்தில், அவன் மேலேயே போய் விழுந்தேன். விழுந்த இடத்தில்தான் மூக்குக்கு வாசனை தட்டியது. துணிச் சவுக்காரம்!

புரிந்துவிட்டது. தேயிலைக் காட்டில் மூட்டை தூக்க இறங்கும் நாளெல்லாம், காலில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க அத்தான் காலுறையில் சவுக்காரம் தேய்த்துக்கொள்வார். காலுறை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று நான் சொன்னதும் மனிதர் அதுவும் அட்டைக்குத்தான் என்று நினைத்தாரோ என்னவோ, பிள்ளைகளின் கால் பத்திரம் என்று உட்கார்ந்து பட்டை பட்டையாய்த் தேய்த்திருக்கிறார். அந்தக் கூடத்து வெக்கையில் வேர்வை பட்டதும் சவுக்காரம் உயிர்பெற்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் பெரியவள் சிவப்புச் சரிவின் அடியில் நின்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். வெறுங்காலோடு விளையாடக் கூடாது என்று டிக்கெட் கவுண்டரில் இருந்த அக்கா சொல்லிவிட்டார். அங்கே விற்கிற காலுறையில் சின்ன அளவு தீர்ந்துபோயிருந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அத்தான் அந்தப் பக்கத்தையும் விடவில்லை.

"தூரத்துலேர்ந்து ஓடி வா. வேகம் இருந்தா ஏறிடலாம்," என்றேன். பொறியியல் படிக்கிற வாய் சும்மா இருக்குமா? அவள் ஓடி வந்தாள். கால் இரண்டும் தனித்தனியே ஊர்வலம் போக, சரிவின் அடியில் மல்லாந்து கிடந்தாள்.

"இந்த ஸ்டோக்கிங்க வச்சிக்கிட்டு எப்படி சித்தி ஏறுறது? அவன் இன்னிக்கும் சிரிப்பான்," என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அதற்குள் தம்பியைச் சுற்றிக் கூட்டம். அவன் வழுக்குவதைப் பார்த்த ஒரு மலாய்ப் பையன், இரண்டு சீனப் பிள்ளைகள், அவர்களோடு இன்னும் சிலர், ஆளுக்கு ஒரு முறை அந்தக் காலுறையைக் கேட்டு வரிசையில் நின்றார்கள். அவனோ லோரி டிரைவர் மகன் என்ற மிடுக்கோடு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

அந்த வரிசையைப் பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று கண்ணைத் துடைத்தாள்.

"சித்தி! அப்பா மூட்ட ஏத்துற மாதிரி!"

லோரி இறங்க முடியாத பள்ளங்களில், அடியிலிருந்து சாலை வரைக்கும் ஆட்கள் நின்று, கொழுந்து மூட்டையைக் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றுவார்கள். லோரிக்குள் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்தவள் அவள். மறுநிமிடமே ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மலாய்ப் பையன் ஓடி ஏறி உச்சியில் குப்புறப் படுத்தான். சீனப் பிள்ளைகள் ஓரத்து வலையைப் பற்றிக்கொண்டு சரிவின் நடுவில் நின்றார்கள். அடியில் நான். தம்பிக்கு வேலை கத்துவது.

"தாரிக்!" என்று அவள் மலாயில் உத்தரவு போட்டாள். இழு! நான் தள்ளினேன். தள்ளின வேகத்தில் நான் பின்னால் போனேன், அவள் முன்னால் போனாள். ஒரு கை பிடித்தது, அடுத்த கை வாங்கியது. திட்டுவதற்காக வந்த கவுண்டர் அக்கா வாயைத் திறந்தார். வந்த சொல், "தாரிக்! தாரிக்!" கூடமே கத்தியது.

மணி ஒரு முறை அடித்தது. பிறகு நிற்கவே இல்லை. போதும் என்று எல்லோரும் கெஞ்சும் வரைக்கும் அடித்தாள்.

கீழே எங்களை ஏற்றிக்கொள்ள அத்தான் கெரேத்தாக் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அட்டை ஒண்ணும் ஏறலியே?"

"ஒண்ணுகூட ஏறல அத்தான்."

"பாத்தியா," என்றார், முகமெல்லாம் பூரிப்பாக. சொல்லிப் புரியவைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் ஈப்போ அழைப்பு வந்தது. பெரியவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அவன் விடுவானா?

"அது செல்லாது லா! நீ தனியா ஏறல!"

இவள் போனை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் பிடித்தாள்.

"மூட்ட என்ன, தனியாவா லோரிக்கு ஏறும்?"

அதற்குள் தம்பி ஒரு காலுறையைக் கொண்டுவந்து கேமராவுக்கு நேரே ஆட்டினான். அதை வைத்துச் சமதரையில் எவ்வளவு தூரம் போனான் என்று கையை விரித்துக் காட்டினான். கை போதாமல் அறையின் அந்த மூலை வரைக்கும் ஓடிக் காட்டினான்.

அதைப் பார்த்ததும் அத்தை மகனின் குரல் இறங்கி வந்தது: "ஏய்… மாமாகிட்ட சொல்லி எனக்கும் ஒரு ஜோடி தேய்ச்சு வைக்கச் சொல்லேன்."