பெரியப்பா சாப்பிட மறுத்த நாட்கள்

ஆம்பூரில் எங்கள் பெரியப்பாவைப் போல நன்றி கெட்ட மனிதர் கிடையாது என்று எட்டு வயதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருந்தது.

அவர் அப்பாவின் அண்ணன். தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் கட்டு முதுகில் சரிந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கைகளும் நடுங்கும், கவளம் வாய்க்குப் போகுமுன் பாதி சிந்திவிடும். பெண்டாட்டி பிள்ளை இல்லாத அவரை அப்பா எங்கள் வீட்டுக்கே தூக்கிவந்தார். அண்ணனைக் கைவிடாத தம்பி என்று தெருவே அப்பாவைப் புகழ்ந்தது. அப்பா விடிந்ததும் ஷாப்புக்குப் போய்விடுவார். ஊட்டுவது, துடைத்துவிடுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, துணி அலசுவது எல்லாம் அம்மா. அம்மாவை யாரும் புகழ்ந்ததாக நினைவில்லை.

அந்த ஐப்பசியில், அம்மாவின் தங்கை வாழ்க்கைப்பட்ட அணைக்கட்டு ஊரிலிருந்து ஆள் வந்தான். சின்னம்மாவுக்குத் தலைப்பிரசவம், உடம்பெல்லாம் வீங்கிக் கிடக்கிறாள், அக்காவைத்தான் கேட்கிறாள் என்றான். அவர்களுக்குத் தாய் இல்லை. அம்மா போகட்டுமா என்று கேட்டபோது அப்பா தரையைப் பார்த்தபடி, "நீ போய்ட்டா அண்ணனை யாரு பாக்குறது?" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நடுவில் மறைத்திருந்த ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

மறுநாள் அம்மா கஞ்சி கொண்டுபோனாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

"இவ கையால எனக்கு வேணாம். உப்பும் இல்ல, ஒரு எழவும் இல்ல. தம்பி வந்து ஊட்டட்டும்."

அம்மா கொடுத்த தண்ணீரையும் மறுத்துவிட்டார். மாலையில் அப்பா வரும்வரை பட்டினி. அடுத்த நாளும் அப்படியே. பக்கத்து வீட்டு பீபீ, "இன்னா மனுஷன்மா இவரு, உன்னை இவ்ளோ பேஜார் பண்றாரே" என்று வருந்தினார்.

அப்பா மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகாமல் நின்றுகொண்டார். "அவரு கோவம் தணியட்டும். நீ பொண்ணைக் கூட்டிக்கினு கொஞ்ச நாள் தங்கச்சி வூட்ல இரு" என்று வண்டி பிடித்துக் கொடுத்தார்.

வண்டியில், "பெரியப்பா கெட்டவருதானே?" என்று கேட்டேன். அம்மா என்னை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. அவமானத்தில் அழுகிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அணைக்கட்டில், வலியில் மயங்கிப்போன சின்னம்மாவை அம்மாதான் தாங்கி உட்கார்ந்திருந்தாள். இவள் வந்திராவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று மருத்துவச்சி சொன்னாள்.

நாங்கள் திரும்பியபோது அப்பா இளைத்திருந்தார். கையில் கஞ்சி கொட்டிய தழும்பு. "இவ்ளோ வேலையா நீ ஒண்டியா செஞ்சிக்கினு இருந்த?" என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அன்றுமுதல் ராத்திரிச் சோறு ஊட்டுவதும் துணி அலசுவதும் அப்பாவின் வேலையாயின.

அம்மா நேரே பெரியப்பாவிடம் போனாள். மறுபடி திட்டுவார் என்று நான் கதவோரம் காத்திருந்தேன்.

"பொண்ணு, மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள்.

பெரியப்பா கூரையைப் பார்த்தார். பிறகு, "பசிக்குதும்மா" என்றார்.

அம்மா உட்கார்ந்து ஊட்டினாள். அவர் கண்ணிலிருந்து வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, அடுத்த கவளத்தை எடுத்தாள். சண்டை போட்டவர்கள் சமாதானமாகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்களுக்குள் சண்டையே நடக்கவில்லை என்பது எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.