லூர்து அண்ணன் வீட்டு பியூகிள்

பித்தளையை உருக்கி ஒட்டவைக்கிற பிரேசிங் பண்ணும்போது தீ பச்சையாக எழும். அந்தப் புகை தொண்டைக்குள் போய் உப்புக் கரிக்கும். டிப்ளமோ முடித்து முதலில் வேலைக்குச் சேர்ந்த திண்டிவனம் பட்டறையை நினைத்தால், எனக்கு அந்தக் கரிப்புதான் முதலில் வருகிறது...

அங்கே வெல்டர் லூர்து அண்ணன். முகையூர் பக்கம் ஒரு கிராமம். ஒரு நாள் துண்டில் சுற்றி ஒரு பியூகிளைக் கொண்டுவந்தார். ராணுவத்தில் ஊதுவார்களே, அது. செம்பு உடம்பு, பித்தளை விளிம்பு. அவருடைய தாத்தா பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்ததாம். ஆதாரம் எதுவும் கிடையாது.

அவர் ஊர் மாதா கோயில் திருநாளில் கொடியேறும்போது அதை ஊதுவது அவர்கள் வீட்டு உரிமை. கூலி வேலை பார்த்த குடும்பத்துக்கு ஊருக்குள் இருந்த ஒரே மரியாதை அதுதான். அந்த வருஷம் வந்த புதுக் கோயில் கமிட்டி, "காயலாங்கடையில வாங்கினத வச்சிக்கினு சண்ட கதை சொல்றாங்க... பேண்டு செட்டு வச்சிக்கலாம்" என்று கிளப்பிவிட்டது.

"நீ படிச்சவன் தம்பி. இது மிலிட்டரி சாமான்தான்னு ஒரு வார்த்த வந்து சொல்லிடு" என்றார் அண்ணன்.

"பாக்காம எப்பிடிண்ணா சொல்றது? மிலிட்டரி முத்திரை குத்தியிருந்தா சொல்றேன்."

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் ஒரு எழுத்து இல்லை. மழமழவென்று இருந்தது. அண்ணன் வீட்டுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏம்மே ஸ்டெல்லா, பியூகிள்ல எழுத்து கிழுத்து எதனா இருந்துச்சா?"

"இருந்துச்சே... நான் கண்ணாலம் ஆயி வந்தப்போ கோணமாணலா என்னமோ இருந்துச்சி. அழுக்குன்னு வருசா வருசம் திருநாளுக்குப் புளியும் செங்கத்தூளும் போட்டுத் தேச்சேன். உங்கம்மாவும் அப்பிடித்தான் தேச்சாங்க. இப்பதான் பளபளன்னு கீது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

முத்திரை தேய்ந்தாலும் அடியில் உலோகம் நசுங்கியிருக்கும், ஆசிட் வைத்தால் சில சமயம் எழுத்து தெரியும் என்றேன். "ஆனா தகடு பேப்பர் மாதிரி ஆயிடிச்சிண்ணா. ஓட்டை விழலாம். அப்புறம் ஊத முடியாது."

கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஊத முடியாதுன்னா வேணாம். இப்ப நீ என்னா சொல்ற, அத்த சொல்லு."

எனக்கு இழுத்துப் பேசத் தெரியாது. "சண்டையிலருந்து வந்ததுன்னு சொல்ல முடியாதுண்ணா."

"இல்லன்னு சொல்லுவியா?"

"...அதுவும் சொல்ல முடியாது."

"அவ்ளதான்! சனிக்கிழம என்கூட வா. இத்த அப்பிடியே அங்க சொல்லு."

விழுப்புரத்தில் பஸ் மாறிப் போனோம். கமிட்டி முன்னால் அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னேன். தலைவர் தலையைச் சொறிந்தார். "இஞ்சினீரே இல்லன்னு சொல்லல... ஊதட்டும்ப்பா. பேண்டு பின்னாடி வரட்டும்."

திருநாள் அன்று கொடி ஏறியது. லூர்து அண்ணன் ஊதினார். சுருதி சுமார்தான். ஆனால் முடிகிற வரைக்கும் யாரும் பேசவில்லை. ஸ்டெல்லா அண்ணி ஓடிவந்து பியூகிளை வாங்கிக்கொண்டு, "இனிமே துணியாலதான் தொடைப்பேன், மாதா சத்தியமா" என்றார்.

இன்றைக்கு நான் ஒரு பெரிய கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். ஒரு பார்ட்டை ஸ்கேன் பண்ணினால் போதும்... எந்த மெஷினில், எந்த ஷிப்டில் செய்தது எல்லாம் வந்துவிடும். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் ஸ்கிரீனில் இரண்டே பட்டன். ஓகே... ரிஜெக்ட்.

அன்றைக்கு லூர்து அண்ணனுக்குச் சொன்ன பதிலை அழுத்த, அதில் இடமில்லை.