சாம்பிராணி வச்சு ஒட்டுன ரேடியோ

போன வாரம் என் கைப்பேசி சார்ஜ் ஏறலன்னு காஜா பெராங் ரோட்டுல ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடையில இருந்தது நம்ம தமிழ்ப் பொண்ணுதான். பூதக்கண்ணாடிக்குக் கீழ போன வச்சு, கடுகுல பாதி இருக்கும், அப்படி ஒரு சாமான இடுக்கியால தூக்குது. என்னம்மா அதுன்னு குனிஞ்சேன்.

"அங்கிள், கொஞ்சம் மூச்ச அடக்குங்க. பறந்துருச்சுன்னா ரெண்டு பேரும் தரையில தவழணும்."

இந்த வயசுல நான் தரைக்குப் போனா திரும்பத் தூக்க நாலு ஆளு வேணும். அடக்கிக்கிட்டேன். ஊசி மாதிரி இரும்ப வச்சுச்சு, நூலாட்டம் ஒரு புகை வந்துச்சு. குங்கிலிய வாசம். அவ்வளவுதான், ஆளு கடையில நிக்குது, மூக்கு மட்டும் அந்தக் காலத்துல நான் குடியிருந்த கம்போங் செட்டிக்குப் போயிருச்சு.

மெர்டேக்கான்னு நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்சு அஞ்சாறு வருஷம் இருக்கும். நான் தகரப் பட்டறையில வேல. வாளி, குவளை, கூரைத் தண்ணி போற தகரம், இதெல்லாம் செய்வோம். பள்ளிக்கூடத்துக்கு நான் போனது அதோட கூரைக்குத் தகரம் அடிக்கத்தான். கம்போங் செட்டியில ஒரு வீட்டுல பின்பக்க அறை எடுத்திருந்தேன். கூட இருந்தவன் ஊரோட போறேன்னு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டான். அதுக்கப்புறம் தமிழ்ல ஒரு வார்த்தை பேச ஆளில்ல. பட்டறையில எல்லாரும் சீனவங்க. வீட்டுக்காரம்மா செட்டி வம்சம், எப்பவோ கப்பல்ல வந்து தமிழ மறந்துட்ட நம்மாளுங்க. புருஷன் செத்துட்டாரு, நான் மாக்சிக்னு, மலாய்ல அத்தைன்னு, கூப்பிடுவேன். நெத்தியில விபூதி, சாமி அறையில மாரியம்மன், வாயத் திறந்தா மலாய். என் மலாய் வாளி விக்கிற அளவுக்குத்தான். அதனால ரெண்டு பேரும் பார்த்தா சிரிச்சுக்குவோம், முடிஞ்சது.

தமிழ் மறந்துருமோன்னு பயந்து நான் வாளிக்குள்ள பேசிப் பார்த்தேங்க. பதில் வரும். ஆனா என் குரல்லயே வரும்.

காப்பிக் கடை ரேடியோவுல தமிழ் கேட்டப்பதான், அறையில நமக்குன்னு ஒரு ரேடியோ இருந்தா என்னன்னு புத்தி போச்சு. முழு ரேடியோ வாங்குற மூஞ்சி இல்ல என்னுது. தெங்கேராவுல ஒரு தௌக்கே, சீன முதலாளி, ரேடியோ சாமான் வச்சிருந்தாரு. சிகரெட் அட்டையில கோடு போட்டு, எது எதோட ஒட்டணும்னு காட்டிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு.

"ஏய் வாளிக்காரா, இதுக்கு ஆசிட் போடாத. கம்பிய அரிச்சிரும். டாமார் போடு."

தகரத்துக்கு நாங்க ஆசிட் தடவித்தான் ஈயம் வைப்போம். இதுக்குப் பிசின் வேணுமாம். பெரிய மேதாவியாட்டம் தலைய ஆட்டிட்டு, பிசின வாங்காமலே வந்துட்டேன்.

டிரான்சிஸ்டர்னு கொடுத்தாரே, அது புளியங்கொட்டையில பாதி. மூணு காலு, கொசுக் காலு. என்கிட்ட இருந்த, ஈயம் வைக்கிற பத்துக்கோல் சுத்தியல் தண்டி, கரி அடுப்புல போட்டுக் காய்ச்சுறது. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அத வச்சு அழுத்துனேன். டிரான்சிஸ்டர் வெந்தே போச்சு.

அப்புறம் பத்துக்கோல்மேல தடிச்ச செம்புக் கம்பியச் சுத்தி, வால மட்டும் நீட்டி விட்டு, அத ராவி ஊசியாக்குனேன். வெறும் கம்பித் துண்டுலயே எத்தனையோ ஞாயித்துக்கிழமை பழகுனேன். மூக்கு நுனி வேர்வை சரியா அது மேலயே விழும். காசு சேர்த்து வாங்குன ரெண்டாவது டிரான்சிஸ்டர எடுத்து வச்ச அன்னைக்குத்தான் பிசின் ஞாபகம் வந்துச்சு. மாக்சிக் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாங்க. சாமி அறையில மஞ்சளா ஒரு கட்டி சாம்பிராணி. அதுவும் மரத்துல வடியிறதுதானேன்னு ஒரு சில்லு பேத்துட்டேன்.

ஒரு காலு ஒட்டுச்சு. ரெண்டாவதும் ஒட்டுச்சு. புகை வீடெல்லாம். நிமிந்தா வாசப்படியில மாக்சிக், கையில கூடையோட.

அது சும்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி இல்லையாம். செத்தவங்களுக்கு இலை போட்டுப் படைக்கிற பார்ச்சுக்குன்னு எடுத்து வச்ச கட்டி. அந்தப் புகை எழுந்தா செத்தவங்க வந்துருவாங்கன்னு அவங்க நம்பிக்கை.

"பாங்கில் சியாபா?"ன்னாங்க. யாரக் கூப்பிடுறன்னு.

திருட்டுல மாட்டுனவன் வாய் சும்மா இருக்குமா? "எங்கம்மாவ"ன்னேன்.

அவங்க திட்டல. கூப்பிட்டுட்டுப் பசியோட அனுப்பக்கூடாதுன்னு மலாய்ல சொல்லிட்டு அடுப்படிக்குப் போனாங்க. வாழை இலை, சோறு, மீன் குழம்பு கொண்டாந்து, என் கம்பி ஈயத்தயெல்லாம் காலால தள்ளிட்டு, தரையில வச்சாங்க.

"அம்மா பேரு?"

ஜப்பான்காரன் காலத்துல, எஸ்டேட்டுல, காய்ச்சல்ல ஆத்தா போனப்ப எனக்கு நாலு வயசு. ஆத்தான்னுதான் தெரியும். ஆத்தாவுக்குத் தனியா ஒரு பேரு இருந்திருக்கும்ங்கிறதே அன்னைக்குத்தான் உறைச்சது. கேக்கலாம்னா சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடிச்சுட்டுப் போன அப்பன் வரவே இல்ல.

"தெரியாது மாக்சிக்."

குனிஞ்சு இலைய நேரா நகர்த்தி வச்சாங்க. அப்புறம் இலையப் பார்த்து, "இந்தப் பையனோட அம்மா, சாப்பிடு"ன்னாங்க மலாய்ல. ஆத்தா சாப்பிடட்டும்னு கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் வெளியில நின்னோம்.

சாயந்திரம் மூணாவது காலயும் ஒட்டி, ஏரியல் கம்பிய ரம்புத்தான் மரத்துல கட்டி, சத்தம் வர்ற குமிழக் காதுல சொருகுனேன். தூரத்துல ஒரு பொம்பள குரல், சுத்தத் தமிழ்ல நாளைக்கு மழை வரும்னுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல. பொய், ஆச்சு. மாக்சிக் குமிழ வாங்கித் தன் காதுல வச்சாங்க.

"என்ன சொல்றா?"

"மழையாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இருந்தும் முடியிற வரைக்கும் கேட்டாங்க.

சாம்பிராணி கருகிப் பிடிச்சு அந்த ரேடியோ ரெண்டு மாசத்துல ஊமையாயிருச்சு. ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு பார்ச்சுக்கும் மாக்சிக் ஆத்தாவுக்கு ஒரு இலை சேர்த்துப் போட்டாங்க. இலை எண்ணிக்கை ஒத்தப்படையா இருக்கணும், ஒண்ணு கூடுனா கணக்கு இடிக்கும். அதனால எங்கப்பனுக்கும் ஒண்ணு போட்டாங்க. நான் கிளேபாங்குக்குக் குடி போன பிறகும் நிறுத்தல.

மாக்சிக் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாச்சு. பிள்ளைங்க கோலாலம்பூர்ல. வீடு பூட்டிக் கிடந்து, கூரை இறங்கி, இடிச்சிட்டாங்க. இப்ப டிவியில நாள் பூரா தமிழ்தான், நிறுத்தத்தான் ஆளில்ல. ஆத்தாவுக்கு நானே ஒரு இலை போடலாம், மீன் குழம்பு எனக்கு வைக்கத் தெரியும். போட்டுட்டு என்னன்னு கூப்பிடுறது? இந்தப் பையனோட அம்மான்னு சொல்றதுக்கு இன்னொருத்தர் பக்கத்துல நிக்கணுமே.