வேறொருவர் கணக்கில் என் உழைப்பு

பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் லேப்டாப் முன் உட்கார்ந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போன வருடம்தான் ஆரம்பித்தேன். சேரும்போது, அந்த வகுப்புகளை நடத்தும் இணைய நிறுவனம் வருமான வரிக்கான பான் எண் கேட்டது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது என் கணவர்தான். பழக்கதோஷத்தில் இதிலும் தன் எண்ணையே போட்டுவிட்டார். நானும் கவனிக்கவில்லை.

இந்த வருடம் அவருடைய வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆடிட்டரிடம் போனோம். ஆடிட்டர் வரித் தளத்தில், அவருடைய வருமானமெல்லாம் பதிவாகியிருக்கும் தகவல் அறிக்கையைத் திறந்தார். அவர் வேலை பார்க்கும் டைல்ஸ் கடைச் சம்பளத்துக்குக் கீழே, பாடம் நடத்தியதற்கான கட்டணமும் அதில் பிடித்த வரியும் இருந்தன.

"சார் மேக்ஸ் டியூஷன்லாம் எடுக்குறீங்களா?"

என் கணவருக்குப் பதினேழாம் வாய்ப்பாடே தகராறு. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது நான் எடுக்குறது சார்" என்றேன்.

"ஒரே வீடுதானேம்மா. சார் கணக்குலயே காட்டிடலாம். மாத்தணும்னா கம்பெனிக்கு எழுதி, அவங்க திருத்தி... எதுக்கு அலைச்சல்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொண்டை வறளப் பேசியது நான். பின்னம் புரியாமல் அழுத பிள்ளையைச் சிரிக்கவைத்தது நான். அரசாங்கப் பதிவில் மட்டும் அது இவர் உழைப்பா?

"பரவால்ல சார், அலையுறேன்."

கணவர் நாற்காலியை ஆடிட்டர் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, "அவ சம்பாதிச்சது சார். எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார். 'இந்தத் தகவல் வேறொரு எண்ணுக்கு உரியது' என்று தெரிவிக்க அந்தத் தளத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. மவுஸை வாங்கி அவரே அதை அழுத்தினார். அப்போது அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி மாளாது.

நிறுவனத்துக்கு நான்கு மெயில் அனுப்பியும் அசையவில்லை. ஐந்தாவதில், மந்தமான மாணவனுக்குச் சொல்வதுபோல் படிப்படியாக விளக்கினேன். கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது திருத்தம் ஏறியது. என் அறிக்கையில் பள்ளிச் சம்பளத்துக்குக் கீழே என் ஆசிரியர் கட்டணம். வேடிக்கை என்னவென்றால், பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட நான் இவ்வளவு பூரித்ததில்லை.

மறுநாளே ஆடிட்டரிடம் போய்த் தாக்கல் செய்தோம். அவர் எனக்கெனப் புதிதாக ஒரு ஃபைல் எடுத்தார். அட்டையில் கைப்பழக்கத்தில் என் கணவர் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டார். நான் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, என் பெயரைப் பெரிதாக எழுதினேன்.