தூறலுக்கு நிற்கும் வண்டி

நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தது ஒரு ஆவணியில். புகுந்த வீட்டில் கார் இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். அரிசி மண்டி வைத்திருந்த மாமனார் பழசாக வாங்கிய கறுப்பு வண்டி. மூன்று வருஷமாக ஒரு நாளும் மக்கர் பண்ணாதது, அந்த ஐப்பசியில் தூறல் விழுந்தாலே நின்றது.

ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது காவிரிப் பாலத்து நடுவில் நின்றுவிட்டது. என் கணவரும் மாமனாரும் தள்ள, மாமியார் பட்டுப்புடவையோடு நனைந்தார். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "மூணு வருஷமா ஓடின வண்டி. இவ வந்த நேரம், என்ன சொல்றது" என்றது அடுப்படி வரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு வண்டி, நாளைக்கு வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் தலையில்தான் விழும்.

மன்னார்புரத்திலிருந்து மெக்கானிக் மூன்று முறை வந்தார். மழையில் அவர் வரமாட்டார், வெயிலில் வண்டி நிற்காது. பிளக்கைத் துடைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார். நான்காம் முறை எனக்குப் பொறுக்கவில்லை. நான் பொன்மலை ரயில்வே பட்டறை ஃபிட்டரின் மகள். ஒழுகும் குழாயைத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். சொம்புத் தண்ணீரோடு போய், என்ஜினை ஓடவிட்டு ஒவ்வோர் இடமாகத் தெளித்துப் பார்க்கலாமே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் சொம்பை வாங்கிக்கொண்டார்.

ரேடியேட்டர் மேல் தெளித்தார், ஓடியது. கார்புரேட்டர் மேல், ஓடியது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் நாலு சொட்டு விழுந்ததும் இருமிக்கொண்டு நின்றது. துடைத்த துணியில் மஞ்சளும் சிவப்புமாக ஒட்டியது. சந்தனம், நடுவில் குங்குமம். ஆயுத பூஜை கழிந்தால் எந்த வண்டியிலும் பொட்டு இருக்கும். அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? காய்ந்து கிடந்தால் ஒன்றும் செய்யாதாம். ஈரம் பட்டால் கரண்டு அது வழியாக ஓடிவிடுமாம்.

"இவ்வளவு தாராளமா வெச்சது யாருங்க?"

என் கை வேலைதான். நல்ல மருமகள் என்று பெயரெடுக்க, பானெட்டைத் திறந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் அப்பியிருந்தேன். வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால், எல்லாம் இவளால்தான் என்று ஆகிவிடும். பயமாக இருந்தது.

"நான்தான் அத்தை வெச்சேன்."

அவர் கிட்டே வந்து துணியைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. மாமியார் தானாகவே என் கணவரை வண்டி எடுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாளையும் ஏற்றிக்கொண்டு, என்னைத் தன் அருகில் உட்காரவைத்து, திருவெள்ளறை கோயிலுக்குப் புறப்பட்டார். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. வண்டிக்கு என்னதான் ஆகியிருந்தது என்று அந்த அம்மாள் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றார் மாமியார். "நான்தான் அவசரப்பட்டு இந்தப் பொண்ணைத் தப்பாப் பேசிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கோபத்தை வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம் என்று நினைத்திருந்தேன். கோயில் வாசல் வரைக்கும்கூட அது தாங்கவில்லை.